ஆசானுக்கு ஒரு ஜாமீன்

நம் நாட்டில் இன்று எதற்குப் பஞ்சம் இருந்தாலும் நாட்டிய வகுப்புக்குப் பஞ்சம் இல்லை. சென்னைப் பட்டணத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்து மறு முனையில் வெளிவருவதற்குள் 'தையா தை' என்ற ஜதியை இரண்டு வீடுகளிலாவது கேட்டுவிடலாம். அடுக்கு மாடி வீடுகளின் பொதுக் கூடத்தில் காலையில் யோகாசனம். அந்தி வேளையில் பரத நாட்டியம். விளக்கு வைத்த பிறகு, ஸும்பா என்ற பெயரில், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஒலிபெருக்கிக்கு முன்னால் குதிக்கிறார்கள். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அரசு செலுத்திய இடத்தில், 'டிரெயினர்' என்ற புதிய உபாத்தியாயர் வீடு தேடி வந்து தேகாப்பியாசம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தேசத்தின் உடல் உரம் பெறுவதும் கலை வளர்வதும் மகிழ்ச்சி தரும் காரியங்களே. அவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

விஜயதசமி அன்று குழந்தையை நாட்டிய வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பல கேள்விகள் கேட்கிறார்கள். மாதச் சம்பளம் எவ்வளவு? அரங்கேற்றத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்? சலங்கை எங்கே வாங்குவது? இவ்வளவும் கேட்கிறவர்கள் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்பதில்லை. "கற்றுக் கொள்ளும்போது, கற்பிப்பவருடைய அஜாக்கிரதையால் குழந்தைக்குக் காலிலோ முதுகிலோ பெரிய காயம் பட்டால், அதற்கு யார் ஜவாப்தாரி? அவரால் ஈடு கொடுக்க முடியுமா?" மங்களகரமான நாளில் இதைக் கேட்பது அபசகுனம் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். ஆசிரியரோ, அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்றே எண்ணுவதில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியை நாமே கேட்டு, பதிலையும் தேடிப் பார்க்கலாம்.

முற்காலத்தில் குருகுல வாசம் இருந்தது. சிஷ்யப் பிள்ளை ஆசான் வீட்டிலேயே உண்டு, உறங்கி, வளர்ந்து வந்தது. எந்தக் குழந்தைக்கு முழங்கால் பலவீனம், எந்தக் குழந்தைக்கு மூச்சு வாங்கும் என்பதெல்லாம் ஆசானுக்குத் தெரியாமல் இராது. காலில் நோவு என்றால் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, அவர் வீட்டிலேயே ஒத்தடம் கொடுப்பார்கள். செலவு இன்னாரைச் சேர்ந்தது என்ற கணக்கு எழவே இடமில்லை.

இன்றைய ஆசிரியரின் நிலைமை வேறு. திங்கட்கிழமை ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு. ஒவ்வோர் இடத்திலும் இருபது முப்பது பேர். சில பேருடைய பெயர்கூட மனத்தில் நிற்பதில்லை. இவர் யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவர் அல்லர். ஒரு பள்ளிக்கூடமோ தேகப் பயிற்சிச் சாலையோ இவரை வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தால், வேலையின் போது இவர் செய்யும் பிழைக்கு அந்த எஜமானரும் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். சுயேச்சையாகத் தொழில் செய்கிறவருக்கு எஜமானர் இல்லை. வருகிற வரும்படி முழுவதும் அவருடையது. வருகிற வினையும் முழுவதும் அவருடையதே.

* * *

சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க, முதலில் ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வரவேண்டும். 1928-ம் வருஷத்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு பெண்மணி சிற்றுண்டிச் சாலைக்குப் போனார். கூட வந்த சிநேகிதி அவருக்கு ஒரு புட்டி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு, புட்டியிலிருந்து அழுகிப் போன நத்தை ஒன்று விழுந்ததென்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அந்தப் பெண்மணி வழக்குத் தொடுத்தார். காசு கொடுத்தவர் அவர் அல்லர். ஆகவே பானம் தயாரித்தவருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் 1932-ல் லண்டன் பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. நம்முடைய செய்கையால் யாருக்குத் தீங்கு வரக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ, அவர்களெல்லாம் நமக்கு அயலார். அயலார் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருப்பது நம் கடமை. அட்கின் பிரபு வகுத்த இந்தத் தத்துவத்தை நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்று நடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒரு பெண்மணி புட்டிக்காரருக்கு அயலார் என்றால், நம் கண் முன்னே அரைமண்டியில் நிற்கும் குழந்தை நமக்கு எவ்வளவு நெருங்கிய அயலார்!

எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 2005-ம் வருஷத்தில் ஜேக்கப் மாத்யூ என்ற டாக்டரின் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது. வித்தை கைவந்தவர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்கிறவர் இரண்டு விதத்தில் குற்றவாளி ஆகலாம். தமக்கு இருப்பதாகச் சொல்லிக்கொண்ட திறமை உண்மையில் அவரிடம் இல்லாதிருக்கலாம். அல்லது, இருக்கும் திறமையை அந்தச் சமயத்தில் நியாயமான அளவுக்கு அவர் பிரயோகிக்கத் தவறியிருக்கலாம். மகா நிபுணருடைய திறமையைச் சட்டம் எல்லாரிடமும் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தொழிலில் உள்ள சாதாரணமான, தகுதி வாய்ந்த மனிதரின் திறமை இருந்தால் போதும். டாக்டர்களைப் பற்றிய தீர்ப்பேயானாலும், வித்தையை விற்கும் எல்லாருக்கும் பொருந்தும் நியாயம் இது.

ஆகவே, ஓடியாடும்போது தானாகக் கால் பிசகிச் சுளுக்கிக் கொண்டால் அதற்காக யாரும் ஆசிரியரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கெண்டைக்கால் வலியும் பாதத்தில் கொப்புளமும் நாட்டியத்தோடு கூடப் பிறந்தவை. அவற்றை ஏற்றுக்கொண்டுதான் மாணவர் வருகிறார். ஆசிரியரின் அஜாக்கிரதையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உதாரணங்களால் சொல்லுவோம்.

மழை நாளில் சாரல் அடித்து வழுவழுப்பான தரைக் கற்கள் நனைந்திருக்கின்றன; துடைக்காமலே வகுப்பு நடக்கிறது. ஒலிபெருக்கியின் கம்பி நடுக்கூடத்தில் குறுக்கே கிடக்கிறது. இவை இடத்தைப் பற்றிய பிழைகள். அரைமண்டி இன்னும் சரியாகப் படியாத குழந்தையை, மேடை நிகழ்ச்சிக்கு நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக, கெட்டியான ஸிமெண்டுத் தரையில் மண்டி அடவுகளை மணிக்கணக்காகச் செய்யச் சொல்லுகிறார் ஒருவர். கால் விரியவில்லை என்று தொடையின்மேல் ஏறி அழுத்துகிறார் இன்னொருவர். இரத்தக் கொதிப்பு உள்ளவர் என்று அறிந்தும் சிரசாசனம் போடச் சொல்லுகிறார் மற்றொருவர். இவை போதனையில் நேரும் பிழைகள். பல வருஷம் அசையாமல் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்த ஒருவரை முதல் நாளே அளவு மீறி உழைக்கச் செய்தால், தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து மூத்திரக் காயையே கெடுக்கக்கூடும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. உற்சாகப்படுத்துவதற்கும் வதைப்பதற்கும் நடுவில் உள்ள கோடு மிகவும் மெல்லியது.

* * *

"எங்களிடம் இதற்கெல்லாம் பத்திரம் இருக்கிறதே!" என்று சில ஆசிரியர்கள் சொல்லலாம். மாணவர் சேரும்போது கையெழுத்து வாங்கிக் கொள்ளும் காகிதம் அது. "எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அதில் அச்சிட்டிருக்கும். இந்தக் காகிதத்தை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நாட்டியம் கற்பவர்களில் பெரும்பாலோர் மைனர்கள். மைனர் செய்யும் ஒப்பந்தம் ஒப்பந்தமே ஆகாது என்று 1903-ம் வருஷத்தில், மோஹரி பீபி வழக்கில், பிரிவி கௌன்ஸில் தீர்த்துவிட்டது. தகப்பனார் தம் கையெழுத்தைப் போடலாம். அதனால் குழந்தைக்குச் சொந்தமான உரிமை மறைந்துவிடும் என்று நிச்சயமாக நம்ப முடியாது. இரண்டாவது, வயது வந்தவர்கள் கையெழுத்திட்டாலும் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. தொழில் செய்கிறவர் தம் அஜாக்கிரதையால் விளையும் மரணத்துக்கோ தேக காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டால் அது செல்லாது என்று இங்கிலாந்தில் 1977-ம் வருஷத்துச் சட்டம் பச்சையாகவே சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான அநியாய ஒப்பந்தங்களைத் தள்ளிவிடும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கு அளித்திருக்கிறது.

காகிதத்தால் பிரயோஜனமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதைப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பத்திரமாக வைத்துக் கொள்ளாமல், விவரம் கேட்டறியும் பத்திரமாக மாற்றிக் கொள்ளலாம். மார்பு வலி உண்டா, மயக்கம் வருமா, மூட்டு நோய் இருக்கிறதா என்பது போன்ற ஏழே கேள்விகள் கொண்ட பத்திரம் ஒன்று கனடா தேசத்தில் 1970-களில் உருவாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அத்தகைய கேள்விகளைக் கேட்டு, பதிலைப் படித்து, அதன்படி நடக்கிற ஆசிரியரை விபத்தும் வழக்கும் எளிதில் அணுகா. கேட்டுவிட்டுப் படிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கிறவருக்கோ, அந்தக் காகிதமே எதிர்ச் சாட்சியாக வந்து நிற்கும்.

அப்படியானால் ஆசிரியருக்கு உண்மையான துணை எது? ஜாமீன்தான். ஜாமீன் என்றதும் போலீஸையும் சிறைச்சாலையையும் நினைத்து நேயர்கள் திடுக்கிட வேண்டாம். "இவர் கொடுக்க வேண்டியது என்று ஏற்பட்டால் நான் கொடுக்கிறேன்" என்று மூன்றாவது மனிதர் ஒருவர் பின்னால் நிற்பதுதான் ஜாமீன். பொறுப்பு இன்ஷூரன்ஸ் என்பது அத்தகைய ஜாமீனே.

இது நமக்குப் புதிய சரக்கு ஒன்றும் அல்ல. மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரியும். வீதியில் போகிறவருக்கு நம் வண்டியால் தீங்கு நேர்ந்தால் அவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று 1939-ம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்தில் விதிக்கப்பட்டு, 1946 ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. இன்று 1988-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அது தொடர்ந்து நடைபெறுகிறது. அந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் வண்டிக்காரரைக் காப்பாற்றுவது அன்று. அடிபட்டவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க வேண்டும் என்பதே. வண்டி ஓட்டுகிறவருக்குக் கட்டாயமாக இருக்கும் இந்த நியாயம், வளரும் பிள்ளையின் முதுகெலும்பைத் தம் கையில் எடுத்துக் கொள்ளுகிறவருக்குப் பொருந்தாதா? சட்டம் இன்னும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மனச்சாட்சி கட்டாயப்படுத்தலாம்.

கணக்கும் இதையேதான் சொல்லுகிறது. முப்பது மாணவர்கள் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தையாயிரம் ரூபாய். இதில் கூடத்து வாடகை, போக்குவரத்து, பாட்டுக்காரருக்குச் சன்மானம் எல்லாம் போனால் மிஞ்சுவதில் குடும்பம் நடக்க வேண்டும். இந்த மனிதர் மீது பத்து லட்சம் ரூபாய்க்கு டிக்ரி ஆனால் என்ன ஆகும்? அவர் குடும்பமும் மூழ்கும். அடிபட்ட குழந்தைக்கும் ஒன்றும் கிட்டாது. வெற்றி பெற்றவரும் தோற்றவரும் சேர்ந்து அழவேண்டிய வழக்கு அது.

* * *

இனி, கடையில் கிடைக்கும் சரக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒன்றுக்கொன்று வேறான மூன்று பாலிஸிகளை ஜனங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளுகிறார்கள்.

முதலாவது, பொதுமக்கள் பொறுப்பு பாலிஸி. வகுப்பு நடக்கும் இடத்தில் தரை வழுக்கியோ, மின்விசிறி விழுந்தோ, கம்பி தடுக்கியோ பிறருக்குக் காயம் பட்டால், சட்டப்படி கொடுக்க வேண்டிய ஈட்டை இது கொடுக்கும். 1991-ம் வருஷத்தில் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தது. போபால் விஷ வாயு விபத்துக்குப் பிறகு, அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழில்களுக்காக ஏற்பட்டது அது. நாட்டிய வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது, தொழில்முறைப் பொறுப்பு பாலிஸி. தவறாகச் சொல்லிக் கொடுத்ததால் விளைந்த தீங்குக்கு உரியது. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதை வழக்கமாக டாக்டர்கள், வக்கீல்கள், என்ஜினீயர்கள், கணக்குப் பரிசோதகர்கள் ஆகியோருக்கென்றே அமைத்திருக்கின்றன. நாட்டிய ஆசிரியரும் தேகாப்பியாச ஆசிரியரும் கேட்டு, பேசி, தங்கள் தொழிலின் பெயரை எழுத்தில் போட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, விபத்து பாலிஸி. இதில் பிழை யாருடையது என்ற கேள்வியே இல்லை. யார் பெயரில் எடுத்திருக்கிறதோ அவருக்கு விபத்து நேர்ந்தால், பாலிஸியில் கண்ட தொகை கிடைக்கும். ஆசிரியர் தம் பெயரில் இதை எடுத்து வைத்துக்கொண்டு, மாணவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று எண்ணினால் ஏமாந்து போவார்.

"மண்டபத்துக்காரரிடம் பாலிஸி இருக்கிறது" என்று சொல்வதும் உண்டு. அது மண்டபத்துக்காரருடைய பொறுப்புக்கு உரியது. கூரை இடிந்தால் அவர் பாலிஸி பேசும். ஆசிரியர் அழுத்திய தொடையைப் பற்றி அது ஏன் வாய் திறக்க வேண்டும்?

பாலிஸி வாங்குகிறவர்கள் தொகையை மாத்திரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். விபத்து ஒன்றுக்குப் பத்து லட்சம், வருஷத்துக்கு இருபது லட்சம் என்றிருந்தால், மூன்றாவது விபத்துக்கு ஒன்றும் மிஞ்சாமற் போகலாம். வழக்கு நடத்தும் வக்கீல் செலவும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் தொகை ஒன்றை ஆசிரியரே தம் கையிலிருந்து போடவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. விபத்து நேர்ந்த நாளில் பாலிஸி இருந்தால் போதும் என்று ஒரு வகை. வழக்கோ கோரிக்கையோ வரும் நாளில் பாலிஸி உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு வகை. நம் நாட்டில் தொழில்முறைப் பொறுப்பு பாலிஸிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இதில் உள்ள வம்பைக் கவனியுங்கள். 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, மைனருக்கு உரிய காலக்கெடு, அவர் வயது வந்த பிறகும் ஓடுகிறது; பதினெட்டு வயது நிரம்பி மூன்று வருஷம் வரைக்கும் அவர் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுக்க இடம் உண்டு. பத்து வயதில் முழங்கால் கெட்ட குழந்தை, இருபதாவது வயதில் வந்து கேட்கலாம்! அதற்குள் ஆசிரியர் தொழிலை விட்டு, பாலிஸியையும் விட்டிருந்தால், கட்டிய பிரீமியம் அத்தனையும் அந்த நாளில் கைகொடுக்காது. ஆகையால் இடையறாமல் புதுப்பித்துக்கொண்டு வருவதும், தொழிலை விடும்போது பிற்காலக் கோரிக்கைகளுக்கு நீட்டிப்பு உண்டா என்று விசாரிப்பதும் அவசியம்.

கடல் கடந்து கற்பிப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு, கணினித் திரையின் வழியாக டொராண்டோவிலும் நியூ ஜெர்ஸியிலும் உள்ள நம்மவர் குழந்தைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகள் இன்று அநேகர். இந்தியாவில் வாங்கும் பாலிஸி சாதாரணமாக இந்திய எல்லைக்கும் இந்திய நீதிமன்றங்களுக்கும் உட்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடுக்கும் வழக்குகளைப் பெயர் சொல்லி விலக்குவதும் வழக்கம். திரையில் தெரியும் குழந்தையின் காலடியில் விரிப்பு வழுக்குகிறதா என்பது இங்கே இருப்பவருக்குத் தெரியாது. பாலிஸியின் எல்லையாவது தெரிந்திருக்க வேண்டும்.

விலக்குகளில் சில நியாயமானவை. வேண்டுமென்றே செய்த தீங்குக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. தட்டுக்கழியால் தாளத்தைத் தட்டாமல் மாணவியின் காலைத் தட்டுகிறவருக்கும், முறைகெட்டு நடப்பவருக்கும் எந்தக் கம்பெனியும் ஜாமீன் நிற்காது, நிற்கவும் கூடாது. கிரிமினல் தண்டனையும் அபராதமும் அவரவர் தலையில்தான். பரத நாட்டியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கயிற்றில் தொங்கும் வித்தை கற்பித்தாலும், தமக்குப் பதிலாக மூத்த மாணவியை வகுப்பு எடுக்க அனுப்பியதைச் சொல்லாமல் மறைத்தாலும், கம்பெனி கைவிரிக்கக் காரணம் கிடைத்துவிடும். இன்ஷூரன்ஸ் என்பது சத்தியத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம்.

* * *

இவ்வளவும் கேட்ட பிறகு பெரியவர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், ஐயா! நம் நாட்டில் எந்தச் சிஷ்யன் குருவின் மேல் வழக்குப் போடுவான்? குரு தட்சிணை கொடுக்கும் கையால் வக்கீல் நோட்டீஸ் கொடுப்பானா?" என்று கேட்கலாம். இது அலட்சியம் செய்யத் தக்க ஆட்சேபம் அன்று. உண்மையில், இந்த விஷயத்தின் உயிர்நிலையே இதில்தான் இருக்கிறது.

நம்மவர்கள் வழக்குப் போடுவதில்லை என்பது மெய். ஆனால் வழக்கு இல்லாததால் செலவும் இல்லாமற் போய்விடுமா? ஆஸ்பத்திரிக்காரர் குரு பக்தியை முன்னிட்டு பில்லைக் குறைப்பாரா? தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது, குழந்தை ஒரு வருஷம் நொண்டுகிறது, நாட்டியம் நின்றுபோகிறது. "நம் தலையெழுத்து" என்று வீட்டார் வாய் மூடி இருக்கிறார்கள். அந்த மௌனத்தை நாம் மரியாதை என்று புகழ்கிறோம். பிழை செய்தவரிடத்தில் இருக்க வேண்டிய பாரம், பிழை செய்யாத ஏழைக் குடும்பத்தின் தோளில் ஏறியிருக்கிறது. அதில் குருவுக்கு என்ன மரியாதை?

இதில் ஒரு சூக்ஷ்மமும் உண்டு. பொறுப்பு பாலிஸி, சட்டப்படியான பொறுப்பு ஏற்பட்டால்தான் பணம் கொடுக்கும். கேட்பவரே இல்லையென்றால் கம்பெனி தானாக வந்து கொடுக்காது. 'ஐயோ பாவம்' என்று ஆசிரியர் தாமாகவே பொறுப்பை ஒப்புக்கொண்டு வாக்குக் கொடுப்பதையும் பாலிஸி நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. முதலில் கம்பெனிக்கு உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆகவே கேட்கக் கூச்சப்படும் சமூகத்தில், பொறுப்பு பாலிஸி மாத்திரம் பாதிப் பாதுகாப்புதான். அதனோடு, மாணவர்கள் அனைவர் பெயரிலும் கூட்டு விபத்து பாலிஸி ஒன்று எடுத்துவிட்டால், யார் பிழை என்று விசாரிக்காமல், முகம் கோணாமல், பாலிஸியில் கண்ட அளவுக்கு முதல் உதவி கிடைத்துவிடும். பெரிய தீங்கு நேர்ந்து அது போதாதபோது பொறுப்பு பாலிஸி இருக்கிறது. நம் நாட்டுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் பொருத்தம் என்பது நம் அபிப்பிராயம். குருவிடம் கேட்கக் கூசுகிறவர்களும் கம்பெனியிடம் கேட்கக் கூச வேண்டியதில்லை அல்லவா? அந்த வகையில் குரு சிஷ்ய உறவைக் காப்பாற்றுவதும் இந்த இன்ஷூரன்ஸே.

தனித்தனியாகப் போய்க் கேட்கும் ஆசிரியருக்குக் கம்பெனிகள் முகங்கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். நூறு பேர் சேர்ந்து போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். இந்த வித்தை நமக்குப் புதிதன்று. 1850-ல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி ஏற்பட்டது முதல் பொது இன்ஷூரன்ஸில் ஆங்கிலேயர் கை ஓங்கியிருந்தது. 1905-ல் சுதேசி இயக்கம் மூண்டதும் நம்மவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1906-ல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும், கல்கத்தாவில் நேஷனலும், லாகூரில் கூட்டுறவுக் கம்பெனியும் தோன்றின. 1907-ல் ஹிந்துஸ்தான் கூட்டுறவு இன்ஷூரன்ஸ் கம்பெனி, மகாகவி தாகூரின் ஜோராஸாங்கோ மாளிகையில் ஓர் அறையில் பிறந்தது. கவியின் வீட்டில் இன்ஷூரன்ஸ் பிறந்த தேசத்தில், கலைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்க முடியும்? 1973-ல் 107 கம்பெனிகளை நான்காக்கித் தேசத்தின் உடைமை ஆக்கினோம். அந்த நான்கில் ஒன்றின் தலைமைக் காரியாலயம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்திருக்கின்றன. நாட்டிய ஆசிரியர்களின் சங்கங்களும் யோகாசன ஆசிரியர்களின் சங்கங்களும் அங்கத்தினர் சந்தாவோடு சேர்த்து ஒரு கூட்டுப் பாலிஸிக்கு ஏன் பேசிப் பார்க்கக் கூடாது?

சபாக்காரர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் இதில் ஒரு கை கொடுக்கலாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கூடத்தை வாடகைக்கு விடுமுன் "இன்ஷூரன்ஸ் சான்று எங்கே?" என்று கேட்பது சாதாரணம். இங்கே வாடகை முன்பணத்தை மறக்காமல் கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டால், இரண்டொரு வருஷத்தில் இது பழக்கமாகிவிடும்.

பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது சொற்பமே. அடுத்த முறை குழந்தையைச் சேர்க்கும்போது மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். எந்தத் தரையில் ஆடப் போகிறது? குழந்தையின் உடல்நிலையை யார் குறித்து வைத்துக்கொள்ளுவார்கள்? விபத்து நேர்ந்தால் எந்தப் பாலிஸி இருக்கிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்லுகிறவருக்கு மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அதைக் கேட்கிறோம். பிரீமியத்துக்காக மாதச் சம்பளத்தில் சில ரூபாய் கூடினால் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள். பட்டுப் பாவாடைக்கும் தலைச் சாமானுக்கும் கொடுக்கிறோம். முழங்காலுக்குக் கொடுக்கக் கூடாதா?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தம் கையிலுள்ள வித்தையில் நம்பிக்கை இல்லாதவர்தான் இன்ஷூரன்ஸ் எடுப்பார் என்று எண்ண வேண்டாம். தேர்ந்த டாக்டர்கள் எடுக்கிறார்கள்; பெரிய வக்கீல்கள் எடுக்கிறார்கள். பிறர் பெற்ற பிள்ளையின் உடம்பு தம் பொறுப்பில் இருக்கிறது என்பதை உணர்ந்தவரே அந்தப் பொறுப்புக்கு ஈடும் தேடி வைக்கிறார். அவருக்கு நாம் கைகூப்புகிறோம்.